அன்னாருக்குப் பிடிக்காத ராப்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்று டொக்டர் சொன்னாலும் சனம் நம்பாது. அன்னார் சொல்லவேண்டும். அவர் ஓட்டோவில் ஏறி, மைக்கை இரண்டு தரம் தட்டி, தொண்டையைக் கனைத்து அறிவித்த பிறகுதான் செத்தவர் செத்தவர். அதுவரைக்கும் அவர் சும்மா படுத்திருக்கிறார் என்றுதான் கணக்கு.

ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சின்ன ஊர் அது. சண்டை நின்று, பாதை திறந்து, வெளிநாட்டுச் சனம் சூட்கேசும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்திறங்கிய அந்த மூன்று நான்கு வருடமும் நான் அங்கே தபால்கந்தோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிகசாலைச் செயலாளர் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். மறுத்துப் பேசத் தெரியாத வயது.

அன்னார் என்பது அவருடைய பெயர் அல்ல. மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயரையும் ஊரையும் சொல்லி முடித்ததும் "அன்னா...ர்" என்று ஓர் இழுப்பு இழுப்பார். பிறகுதான் தாய், தகப்பன், பிள்ளைகள், மருமக்கள் என்று உறவுகள் வரிசையாக வரும். அந்த இழுப்பே பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. தபால்கந்தோரில் இருப்பவளுக்கு ஊரில் எல்லாருடைய பெயரும் தெரியும்தான். ஆனால் இந்த மனுசனுக்குக் கடிதமே வருவதில்லை. இருந்தும் தினமும் பத்து மணிக்கு யன்னலடியில் வந்து நிற்பார்.

"எனக்கு ஒண்டுமில்லைத்தானே, பிள்ளை?"

"இல்லை அண்ணை."

"அப்ப சரி" என்று திருப்தியோடு போய்விடுவார்.

அவருடைய தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: உறவுக்குள்ளே மூச்சு எடுக்கக்கூடாது. "அன்னார்" என்று தொடங்கினால் கடைசிப் பூட்டப்பிள்ளை வரைக்கும் ஒரே மூச்சு. ஏன் என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

"புருசனைச் சொல்லி, மூச்சை எடுத்து, பேந்து பெண்சாதியைச் சொன்னால் என்ன அர்த்தம்? ரெண்டுபேரும் பிரிஞ்சிருக்கினம் எண்டு அர்த்தம்! செத்த வீட்டிலை போய் குடும்பத்தைப் பிரிக்கிறதே?"

ஒரு தடவை அண்ணன் பெயருக்கும் தம்பி பெயருக்கும் நடுவில் தும்மிவிட்டார். அடுத்த வருடம் அந்த இரண்டு பேரும் வேலிக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். தன்னுடைய தும்மல்தான் காரணம் என்று அன்னார் அந்தோனியாருக்கு ஒன்பது நாள் மெழுகுதிரி கொளுத்தினார்.

ஆட்களை அவர் அளப்பதே அறிவித்தலின் நீளத்தை வைத்துத்தான். வாழ்த்துச் சொல்வதுபோல முகம் மலர்ந்து சொல்லுவார்: "உமக்கு நல்ல அறிவித்தல் வரும், பிள்ளை. நாலு சகோதரம், அவையின்ரை பிள்ளையள் வேறை. சந்தியிலை துவங்கினால் கோயிலடி வரைக்கும் போகும்." எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. நன்றி சொல்வதா, எழும்பி ஓடுவதா என்று தெரியாது.

தன்னுடையதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். கலியாணம் கட்டவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. "என்ரை என்ன, ஓட்டோ ஸ்ராட் வர முந்தி முடிஞ்சிடும். யோகனுக்கு எண்ணெய் மிச்சம்." ஓட்டோக்கார யோகனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பு முடிந்ததும் அன்னார் சுத்தமாக இருக்கிற மைக்கை எடுத்து மறுபடி துடைப்பார்.

அவருடைய வாழ்நாள் இலட்சியம் மதலேனம்மா. எண்பத்தாறு வயது, ஒன்பது பிள்ளைகள், ஏழு நாட்டில் மருமக்கள், பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. தீவுப்பகுதியிலேயே இதைவிட நீளமான அறிவித்தல் இருக்கமுடியாது. அன்னார் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வாராவாரம் அவரிடம் போய், கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு நலம் விசாரிப்பார்.

"எப்பிடி அக்கா இருக்கிறியள்?"

"இருக்கிறன், இருக்கிறன். நோர்வேயிலை பேத்தி ஒண்டு பிள்ளைப்பெறக் கிடக்குது. அதுவும் பிறக்கட்டும், பொறும்."

அன்னார் நோட்டுப்புத்தகத்தில் ஒரு வரி இடம்விட்டு எழுதுவார்.

இந்த மதலேனம்மாவைப் பார்க்கக் கனடாவிலிருந்து வந்தவன்தான் பேரன் ரூபன். இருபத்துநாலு வயது. பின்பக்கமாகத் திருப்பிப் போட்ட தொப்பி, இரண்டு பேர் புகக்கூடிய காற்சட்டை. அங்கே ராப் பாடுகிறவனாம். மேடைப்பெயர் 'தீவான்'. யாழ்ப்பாணப் பட்டினத்துச் சனம் எங்களை இளக்காரமாகக் கூப்பிடுகிற சொல்லைப் பெடியன் தானே எடுத்துத் தலையில் சூடியிருந்தான்.

வந்த மூன்றாம் நாள் வாசிகசாலையில் ஒரு பாட்டுப் பாடிக் காட்டினான். "தீவான் எண்டு சிரிச்சவை எல்லாம், தீவைக் காணாமல் அழுகினம் இப்ப" என்று தொடங்கி, கையை ஆட்டி ஆட்டி நாலு நிமிடம் கொட்டித் தீர்த்தான். இளசுகள் கைதட்டின. கடைசி வாங்கிலிருந்து அன்னார் எழும்பினார்.

"தம்பி, உது முடிஞ்சுதோ? இல்லாட்டி பாட்டு இனித்தான் துவங்கப்போகுதோ?"

"இதுதான் பாட்டு, அங்கிள்."

"பாட்டெண்டால் ஒரு இராகம் வேணும். இது ஆரோ ஆரையோ கடன்காரனைப் பேசிற மாதிரிக் கிடக்குது. அதுசரி, உந்தக் கை என்னத்துக்கு? காகம் கலைக்கிறீரோ?"

ரூபனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "நேற்று உங்கட அறிவித்தல் கேட்டனான், அங்கிள். இராகம் இல்லை, தாளம் இருக்குது, மூச்சு விடாமல் சொல்லுறியள். நீங்கள் செய்யிறதும் ராப்தான்" என்றான்.

அவ்வளவுதான். அன்னாரின் வாழ்க்கையில் அவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. "கண்டறியாத ராப்! நான் பிரேதத்துக்கு மரியாதை செய்யிறவன். என்னை உந்தக் கூட்டத்திலை சேர்க்கிறானே!" என்று தபால்கந்தோர், சங்கக்கடை, கோயில்வாசல் என்று மூன்று நாள் முறைப்பாடு செய்துகொண்டு திரிந்தார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. வாசிகசாலைத் தலைவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இதற்கு முடிவு காண எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னார்: பட்டிமன்றம்.

தலைப்பு: ராப் கலையா, கூச்சலா? கூச்சல் என்ற அணிக்கு அன்னார் தலைவர். கலை என்ற அணிக்குத் தலைமை தாங்க ஒருவரும் வரவில்லை. செயலாளர் என்ற பாவத்துக்கு நானே ஏறவேண்டியதாயிற்று. நான் இரவிரவாக யோசித்து, வலை இழுக்கிறவர்களின் பாட்டில் இராகம் பெரிதா தாளம் பெரிதா என்று கேட்டேன். குழந்தைப்பிள்ளை சொல்லுகிற எண்ணிக்கைப் பாட்டுக்கு எந்த வித்துவான் மெட்டுப் போட்டான் என்றும் கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன். யாருக்கும் அது இன்றைக்கு ஞாபகம் இல்லை, ஏனென்றால் எனக்குப் பிறகு அன்னார் எழும்பினார்.

"உதைச் செய்ய என்ன படிப்பு வேணும்? நானும் செய்வன். பாருங்கோ!" என்றார். தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் பின்பக்கமாகக் கட்டினார். வேட்டியை இடுப்புக்குக் கீழே இறக்கினார். கையை ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தார்: "ஏய் மீன், ஏய் றால், ஏய் நண்டு, ஏய் திருக்கை, விலையைக் கேட்டால் எனக்கு வருகுது இருமல்..." சபை உருண்டு புரண்டது. அரை நிமிடத்துக்கென்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. மீன் முடிந்து மரக்கறி, மரக்கறி முடிந்து நேவிச் சோதனைச்சாவடி, அது முடிந்து தலைமையாசிரியரின் பொடிபோடும் பழக்கம். அரைமணி நேரம்! வலதுகால் தன்பாட்டுக்குத் தாளம் போட்டது. நக்கல் பண்ணத் தொடங்கிய மனுசன் எந்த இடத்தில் அனுபவிக்கத் தொடங்கினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முன்வரிசையில் ரூபன் விழுந்து விழுந்து கைதட்டினான்.

பொடி விசயத்தால் மனம் நொந்திருந்த தலைமையாசிரியர், "ராப் கலைதான், ஆனால் எங்கடை ஊருக்கு வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்தநாள் விடியப்புறம் மதலேனம்மா கண்ணை மூடினார். நோர்வேப் பேத்திக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாள். மனுசி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுத்தான் போனார்.

அன்னார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நோட்டுப்புத்தகத்தோடு ஓட்டோவில் ஏறினார். மைக்கை இரண்டு தரம் தட்டினார். வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. அரைமணி நேர ராப் தொண்டையைத் தின்றுவிட்டிருந்தது.

சுடுதண்ணீர், உப்பு, மிளகு, தேன், செத்தவீட்டுக்கு வந்த சனமெல்லாம் சொன்ன வைத்தியம் ஒன்றும் பலிக்கவில்லை. பத்து வருடமாகக் காத்திருந்த அறிவித்தல். அன்னாரின் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் நோட்டுப்புத்தகத்தை ரூபனிடம் நீட்டினார். ரூபனின் முகமும் வீங்கித்தான் இருந்தது. அவனுக்கு அப்பம்மா அல்லவா.

முதல் சந்தியில் ரூபன் வானொலிச் செய்தி வாசிக்கிறவன் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தான். மூத்த மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் மூச்சு எடுத்தான். அன்னார் அவன் தொடையில் கிள்ளிய கிள்ளில் "ஆ!" என்ற சத்தமும் மைக்கில் போனது. இரண்டாம் மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் மறுபடி மூச்சு, மறுபடி கிள்ளு. என் தபால்கந்தோர் வாசலில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, அன்னார் காற்றுக் குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

"உது சரிவராது. நீ உன்ரை அந்தக் கூத்தைப் போலவே சொல்லு."

"ராப் மாதிரியோ, அங்கிள்?"

"பேர் ஒண்டும் சொல்ல வேண்டாம். சொல்லு. மூச்சு எடுத்தியோ, இறக்கிவிட்டிடுவன்!"

ரூபன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "அன்னா...ர்" என்று இழுத்தான். பிறகு பெயர்கள் ஓடத்தொடங்கின. ஒன்பது பிள்ளைகளும், மருமக்களும், லண்டனும் பாரிசும் ஒஸ்லோவும், பேரன் பேத்திகளும், ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு றோட்டு நீளத்துக்கு வந்தன. ஒரு பெயரும் மற்றப் பெயரில் இடிபடவில்லை. குசினிகளிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். "ஆரப்பா வாசிக்கிறது? எல்லாப் பேரும் வடிவா விளங்குது!" இரண்டு நாள் வயதான நோர்வேக் குழந்தையின் பெயரில் வந்து நின்ற பிறகுதான் ரூபன் மூச்சை இழுத்தான். ஓட்டோ என்னைக் கடந்துபோனபோது நான் பார்த்தேன். அன்னாரின் விரல்கள் ஓட்டோக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

குரல் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை மறுத்தார். "தாளமோ? நுளம்பு கடிச்சது, அடிச்சனான்."

"பகலிலையோ அண்ணை?"

"விசர்க்கதை கதையாதையும், பிள்ளை. பெடியன் சொன்னது ராப் இல்லை, அறிவித்தல்."

"அப்ப ராப் எண்டால் என்ன?"

"அதுவும் ஒரு அறிவித்தல்தான் போலை. ஆனால் ஆர் செத்தது எண்டு கடைசி வரைக்கும் சொல்லாங்கள்."

ரூபன் திரும்பிப்போன அன்று அன்னார் அவன் கையில் மடித்த கடதாசி ஒன்றைக் கொடுத்தார். அவருடைய சொந்த அறிவித்தல். எனக்குக் காட்டவில்லை, ரூபன் பிறகு சொன்னதுதான். ஒரு பெயர், ஒரு ஊர், காலஞ்சென்ற தாய் தகப்பன். அதோடு சரி.

"நான் போனால் நீ வாசி. மேளம் ஒண்டும் அடிக்கப்படாது."

"இது சரியான கட்டை, அங்கிள்."

"உள்ளதைத்தானே எழுத ஏலும்" என்றார் அன்னார்.

மறுபடி சண்டை வந்தது. பாதை பூட்டினார்கள். பக்கத்து அல்லைப்பிட்டியில் வீடு புகுந்து சனத்தைச் சுட்டதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்கும் உரத்துக் கதைக்கவே பயம். நான் மாற்றம் கிடைத்துக் கொழும்புக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து யோகன் ரெலிபோன் எடுத்தான். அன்னார் காய்ச்சலில் போய்விட்டார். ஒலிபெருக்கி கட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஊர் முழுவதற்கும் சாவு சொன்ன மனுசனின் சாவை யோகன் வீடு வீடாகப் போய், படலையடியில் நின்று, மெல்லச் சொன்னானாம்.

அந்தக் கிழமையே ரூபனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அன்னாரின் அறிவித்தலைக் கனடாவில் ஒரு தமிழ் வானொலியில் வாசித்தானாம், பதிவையும் இணைத்திருந்தான். வெள்ளவத்தையில் ஓர் இன்ரநெற் கடையில் இருந்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். மேளம் இல்லை. வெறும் குரல்.

"ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும், யோகனின் ஓட்டோப் பின்சீற்றை வதிவிடமாகவும் கொண்ட சூசைப்பிள்ளை மரியதாசன் அவர்கள் காலமானார்." மரியதாசன்! தினமும் என் யன்னலடியில் நின்ற மனுசனின் பெயர் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. "அன்னா...ர், காலஞ்சென்ற சூசைப்பிள்ளை, எலிசபேத் தம்பதிகளின் அன்பு மகனும்..."

கடதாசி அந்த இடத்தோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். குரல் முடியவில்லை. "காலஞ்சென்ற மதலேனம்மாவின் நோட்டுப்புத்தகத் தம்பியும், யோகனின் பாசமிகு அண்ணரும், வாசிகசாலைத் தலைவரின் தீராத தலையிடியும், தபால்கந்தோர் அக்காவின் அன்பு எதிரணித் தலைவரும், ரூபனின் தொடையைக் கிள்ளிய பெரியப்பாவும்..." என்று அது போய்க்கொண்டே இருந்தது. அன்னார் யார் யாருடைய வீட்டுச் சாவைச் சொன்னாரோ அந்த வீடுகள் ஒன்றும் விடாமல் வந்தன (யோகனிடம் கேட்டிருப்பான்), மரியதாசனைத் தங்கள் பிள்ளையாக, சகோதரமாக, மாமாவாகச் சொல்லிக்கொண்டு. சந்தியில் தொடங்கிய அறிவித்தல் கோயிலடியையும் தாண்டிச் சேமக்காலைக் கல்லறைகள் வரைக்கும் போனது.

ரூபன் ஓர் இடத்திலும் மூச்சு எடுக்கவில்லை. எனக்குத்தான் மூச்சு எடுக்க முடியாமல் போய்விட்டது.