சமையலறைக்குள் போன சுரங்கப்பாதை

நாற்பது வயதுக்கு மேல் பொம்மை ரயில் ஓட்டுகிறேன் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது கிடையாது. கேட்டவர்களிடம் “பொண்ணுக்கு வாங்கினதுங்க” என்றுதான் சொல்லி வந்தேன். (பெண் பிறப்பதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது வேறு விஷயம்.)

விழுப்புரத்தில் இருந்தவரை ரயிலுக்கு மாடியில் தனி அறை. பெரிய பிளைவுட் பலகையில் தண்டவாளம், ஒரு ஜங்ஷன், தெர்மாகோல் மலை எல்லாம் உண்டு. என் மனைவி கலைச்செல்விக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தபோதுதான், அறைக்குள்ளேயே கட்டிய பலகை வாசல் வழியாக வெளியே வராது என்று தெரிந்தது. ரம்பம் வாங்கிவந்து மூன்றாக அறுத்தேன்.

திண்டிவனத்தில் வீடு கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் ஸ்டெல்லா டீச்சர் கொடுத்தார். ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர். தன் பழைய வீட்டை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் தான் இருந்துகொண்டு மறுபாதியை எங்களுக்கு விட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

“செவுத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க தம்பி.”

“அடிக்கவே மாட்டோங்க டீச்சர்.”

(அந்த வாக்கை நான் மீறவில்லை. உளிதான் அடித்தேன்.)

புது ஹாலில் இரண்டு துண்டுகள்தான் அடங்கின. மலை இருந்த துண்டு மிச்சம். மூன்றாவது துண்டைப் படுக்கையறையில் வைத்து, நடுச்சுவரில் ரயில் நுழையுமளவு ஒரு சுரங்கப்பாதை போட்டால் என்ன என்று தோன்றியது.

“இது வாடகை வீடுங்க” என்றாள் கலைச்செல்வி.

“மலை மறைச்சிடும். காலி பண்ணும்போது பூசிக் குடுத்துடலாம்.”

டீச்சர் மார்க்கெட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். அவர் திரும்பி வந்ததை நான் கவனிக்கவில்லை. ஓட்டை விழுந்ததும் சொல்வதற்காகக் கலைச்செல்வி படுக்கையறையில் நின்றாள்.

“இன்னா, வந்துச்சா?” என்று கத்தினேன்.

“இங்க ஒண்ணியும் காணோம். சத்தம்கூட வேற எங்கியோ கேக்குது.”

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எனக்கோ வேகம் வந்துவிட்டது. ஓங்கி அடித்தேன். ஒரு செங்கல் அந்தப் பக்கம் போய்த் ‘தொபுக்’கென்று விழுந்தது. படுக்கையறையில் ஈரமான பொருள் ஏதும் இல்லையே என்று குனிந்து பார்த்தேன். ஓட்டைக்குள் மூக்குக்கண்ணாடியோடு ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தம்பி, நீங்களா?”

“ஆமாங்க டீச்சர்.”

ஹால் சுவரின் ஒரு பாதிக்குப் பின்னால்தான் எங்கள் படுக்கையறை. மறுபாதிக்குப் பின்னால் டீச்சரின் சமையலறை. நான் உடைத்தது மறுபாதியை.

சற்று நேரத்தில் டீச்சர் வாசலில் நின்றார். கையில் தட்டு. தட்டில் குழம்பு சொட்டச் சொட்ட என் செங்கல்.

“இது உங்களுதுதானே? மீன் கொழம்புல கெடந்துச்சு.”

கலைச்செல்வி என்னைப் பார்த்த பார்வையில், இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் எல்லாம் மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது இதுதான்.

“ஆணி அடிக்கலீங்க டீச்சர்.”

டீச்சர் தட்டைக் கீழே வைத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளுமளவு சிரித்தார். சிரித்து முடித்து, ரயிலை ஓட்டிக் காட்டச் சொன்னார். அது ஓட்டைவரை போய் நின்றது.

“இது எங்கூட்டுக்குள்ள வந்து திரும்புமா?”

“திரும்பும்ங்க. ஆனா செவுத்தை...”

“செவுரு கெடக்குது. வந்துட்டுப் போவட்டும். நானும் பேச்சுத் தொணையில்லாம உக்காந்துக்கினுதான் இருக்கேன்.”

மூன்றாவது துண்டு இப்போது டீச்சரின் சமையல் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலையும் அங்கேதான். சாயங்காலம் கூட்ஸ் வண்டியில் வேகவைத்த மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) வரும், பெட்டிக்கு ஒன்றாக. என் பெண் வாய்ப்பாடு ஒப்பிப்பது அந்த ஓட்டை வழியாகத்தான். கலைச்செல்வி காய்ச்சலில் படுத்தபோது ரசம் வந்ததும் அந்தப் பக்கமிருந்துதான். (ரயிலில் இல்லை. வாசல் வழியாக.) எங்களை அன்றே காலி செய்யச் சொல்லியிருந்தால் யாரும் டீச்சரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அதை நினைக்காமல் நான் ஸ்விட்சைப் போட்டதில்லை.

உறவினர்கள் யாராவது வந்து, வீட்டில் எத்தனை ரூம் என்று கேட்டால், கலைச்செல்வி முகத்தை மாற்றாமல் சொல்வாள்.

“ஓனரு குடுத்தது ரெண்டு. மூணாவது இவரு ஒடச்சி எடுத்துக்கினாரு.”