நிப்பாட்டாரின் பிரேக் சூ

அந்தக் காலத்துத் திருகோணமலையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவை இரண்டு. ஒன்று கடற்காற்று, மற்றது நிப்பாட்டார். காற்றாவது சில மாதங்களில் ஓய்ந்துபோய் எங்களை விசிறி தேட வைக்கும். நிப்பாட்டார் ஓய்ந்து நின்றதைக் கண்டவர்கள் ஊரில் இல்லை.

எங்கும் வண்டியை நிப்பாட்ட மாட்டார் என்று ஊர் வைத்த பெயர் அது. தாய் தகப்பன் வைத்த பெயர் வேறொன்று இருந்தது. அது கோயில் பதிவிலும் சம்பளத் தாளிலும் மட்டும் உயிரோடு கிடந்தது. துறைமுகக் களஞ்சியத்தில் ஓவசியர் வேலை. நெட்டையான ஆள், எந்நேரமும் வெள்ளைச் சேட்டு. வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போகும்போது தூக்கிக்கொண்டு போக மனமில்லாமல் விட்டுப்போன ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிள் அவரிடம் இருந்தது. அதன் பின் சில்லுக்குள் இருந்த இரண்டு பிரேக் சூக்களைப் பற்றியதுதான் இந்தக் கதை முழுவதும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரேக் சூ என்பது பிறை வடிவில், சில்லின், அதாவது சக்கரத்தின், குடத்துக்குள் சோடியாக இருக்கும் சாமான். பிரேக்கை மிதித்தால் இரண்டும் அகன்று குடத்தை உரஞ்சி வண்டியை நிறுத்தும். உரஞ்ச உரஞ்சத் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஆனால் அது எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் கிடையாது. ஆட்கள் பழைய மெசின் பெல்ட்டை வெட்டி ஒட்டிக்கொண்டு, ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டு ஓடினார்கள்.

பிரேக் சூ எவ்வளவு காலம் நிற்கும் என்று கராஜ் மெக்கானிக் பாஸிடம் கேட்டால், அவர் எண்ணெய்க் கையால் தலையைச் சொறிந்து, "அது ஓடுற ஆளைப் பொறுத்தது" என்பார். நிப்பாட்டாரிடம் சொறிதல் எல்லாம் கிடையாது.

"பிடிச்சால் தேயும். பிடிக்காட்டில் ஏன் தேயுது? நான் கண்ணை மூடுமட்டும் இந்தச் சோடியே காணும் தம்பி. பிரேக் பிடிக்கிறவன் ஆர் தெரியுமோ? முன்னுக்கு என்ன வருமெண்டு யோசியாமல் வெளிக்கிட்டவன்!"

அவர் யோசித்துத்தான் வெளிக்கிடுவார். எந்த ஒழுங்கையில் எத்தனை மணிக்கு ஆடு வரும், எந்த ஏற்றத்தில் வேகம் தானாகக் குறையும், எந்தக் காற்று எதிர்க்காற்று என்பதெல்லாம் அவருக்குப் பாடம். சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சனம் வீதி நிறைய நடந்து போகும் நாட்களில் அவர் மோட்டார் சைக்கிளைத் தொடவே மாட்டார். தானும் நடந்தே போவார். கிறிஸ்தவ வேதக்காரனாக இருந்தும் அம்மனில் என்ன பக்தி என்று சனம் மெய்சிலிர்த்தது. அவர் பிரேக்கைக் காப்பாற்றிக்கொண்டு போனது எனக்கு மட்டும் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், உப்புவெளியில் அவர் வீட்டுக்குப் பக்கத்து வளவில்தான் நான் ஓர் அறை எடுத்து இருந்தேன். அதே களஞ்சியத்தில் கிளாக்கர். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதைக் கண்டு மனிசன் இரக்கப்பட்டு, "நாளைக்குத் தொட்டு என்னோடை வா" என்றார். அந்த இரக்கத்தால் நான் பட்ட பாட்டை எதிரியும் படக்கூடாது. காலையில் ஹோர்ன் சத்தம் கேட்டதும் சாப்பாட்டுப் பார்சலோடு வீதியில் இறங்கி, அவர் போகிற திசையில் ஓடத் தொடங்க வேண்டும். அவர் மெதுவாக்குவார். நிறுத்த மாட்டார்.

"ஓடு தம்பி, ஓடு! சீற்றிலை கையைப் போடு! இப்ப ஏறு!"

ஒருநாள் ஏறுகிற அவசரத்தில் பார்சல் விழுந்துவிட்டது. "அண்ணை, சோறு, சோறு!" என்று கத்தினேன். "சோறு பின்னேரமும் சமைக்கலாம்" என்றார், திரும்பிக்கூடப் பாராமல். அன்று மத்தியானம் அவருடைய புட்டில் பாதி தந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பசியில் அதையும் ஏசிக்கொண்டே தின்றேன்.

சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டினால் நிப்பாட்டார் சட்டத்தை மீற மாட்டார். பொலிஸ்காரரைச் சுற்றத் தொடங்குவார். "குட் மோர்ணிங் சேர்" என்று ஒரு சுற்று, "வெயில் கூட, என்ன சேர்" என்று இன்னொரு சுற்று. அவரோடு சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்த பொலிஸ்காரர் தலை சுற்றிக் கையை இறக்குவார், நாங்கள் போய்விடுவோம். களஞ்சிய வாசலில் காவலாளி ஹோர்ன் கேட்டதுமே கேற்றைத் திறந்து வைப்பார். உள்ளே சுவரோரம் கடல்மணல் குவியல் ஒன்று இருந்தது. முன் சில்லை அதில் செருகினால் வண்டி ஒரு பெருமூச்சோடு நிற்கும். ஒருமுறை கட்டட வேலைக்கு அந்த மணலை அள்ளிப் போய்விட்டார்கள். வேகம் அடங்கும்வரை களஞ்சியத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். பெரியதுரை அறை யன்னலைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் நிப்பாட்டார் மரியாதையாகத் தலையைக் குனிந்தார். நானும் பின்னால் இருந்து குனிந்தேன், வேறென்ன செய்ய?

இந்த மனிதருக்கும் ஒரு மனைவி. றீற்றா அக்கா. தையல் வேலை செய்கிறவ, வேதக் கோயிலில் பாட்டுப் படிக்கிறவ. அவவின் வாயில் இருந்து ஒரு சொல் விழுந்தால் ஊசி விழுந்தமாதிரி, மிதித்த பிறகுதான் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் அவவும் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவதான். ஒரு பெருநாள் அன்று கோயில் வாசலில் நிப்பாட்டார் வழமைபோல மெதுவாக்கி, "இப்ப இறங்கும்!" என்றிருக்கிறார். பட்டுச்சீலையோடு குதித்த றீற்றா அக்கா முழுப் பங்குச் சனத்துக்கும் முன்னால் பொத்தென்று நிலத்தில் விழுந்து இருந்துவிட்டா. அன்றோடு அவ அதில் ஏறவில்லை. ஞாயிறு பூசைக்கு அவ நடந்து போவா, அவர் முன்னே போய்க் கோயிலடிக் கடற்கரை மணலில் வண்டியைச் செருகிவிட்டுக் காத்திருப்பார். புருசனும் பெண்சாதியும் ஒரே பூசைக்கு இரண்டு வழியில் போவதைப் பார்க்க எனக்கே ஒருமாதிரி இருக்கும்.

அப்படியிருக்க யேசு பிறந்த பெருநாளான நத்தார் ஒன்று வந்தது. அதற்கு முதல் வாரம் துறைமுகத்துக்கு வந்த கப்பல் இன்ஜினியர் ஒருவர், சிநேகிதத்துக்காக நிப்பாட்டாருக்குப் புத்தம்புதுப் பிரேக் சூச் சோடி ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். மனிசனுக்குத் தலைகால் தெரியவில்லை. பூட்டுகிற எண்ணமே கிடையாது. பழைய சோடிதான் தேயவில்லையே! புதியதை உப்புக்காற்றுத் தின்னாமல் காப்பாற்றவேண்டும் என்பதுதான் யோசனை. எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, அதற்கு மேல் நத்தாருக்கு வாங்கிய பூப்போட்ட கடதாசியில் சுற்றி, நூல் கட்டி, வீட்டிலேயே காய்ந்த இடமான அலுமாரியில், றீற்றா அக்காவின் சீலைகளுக்கு அடியில் வைத்தார்.

சீலை எடுக்கப் போன றீற்றா அக்கா அதைக் கண்டிருக்கிறா. ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுவதும் தையல் மெசினில் பாட்டுத்தான்.

நத்தார் அன்று பூசை முடிந்து, கேக் தின்ன நானும் இன்னும் சில அயலவர்களும் போயிருந்தோம். கேக் முடிந்தது, வைன் முடிந்தது. பார்சல் வரவில்லை. றீற்றா அக்கா சிரித்தபடி சொன்னா:

"எடுத்துத் தாருங்கோவன். நான் எப்பவோ கண்டிட்டன்."

நிப்பாட்டாரின் முகம் வெளுத்தது. அவர் வாய் திறக்க முதல் அவவே அறைக்குள் போய்ப் பார்சலைக் கொண்டுவந்து, கதிரையில் இருந்து, மடியில் வைத்து, நூலை அவிழ்த்து, கடதாசி கிழியாமல் பிரித்தா. உள்ளே இரண்டு கறுத்த இரும்புப் பிறைகள். அவ ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அமைதியாகக் கேட்டா:

"வடிவாத்தான் இருக்கு. இது கையிலை போடுறதோ, காதிலை போடுறதோ?"

வேறு ஆளாக இருந்தால் காலில் விழுந்திருப்பான். நிப்பாட்டார் உள்ளதைச் சொல்லும் மனிதர்.

"பின் சில்லிலை" என்றார்.

நத்தார் விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய நாள் காலை, ஹோர்ன் சத்தம் வழமைக்கு முந்தியே கேட்டது. ஓடி ஏறினேன். சவரம் பாதியில் நின்ற முகத்தோடு இருந்தார்.

"அவ வெளிக்கிட்டிட்டா தம்பி. நான் முகம் வழிக்கேக்கை பையோடை போயிட்டா. தமக்கை வீட்டை, கட்டைபறிச்சானுக்கு."

"எப்ப வருவாவாம்?"

"நிப்பாட்டத் தெரிஞ்ச மனிசனாய் நான் மாறினால் வருவாவாம்."

அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்த நான் அன்றுதான் அந்த மனிதருக்குப் பயம் வரும் என்று கண்டேன். களஞ்சியத்துக்குத் திரும்பும் வளைவைத் தாண்டி வண்டி நேரே படகுத்துறை ஜெற்றிக்குப் பறந்தது. கட்டைபறிச்சான் பக்கம் போகிறவர்கள் ஏறும் மூதூர் லோஞ்சு, அந்த மோட்டார்ப் படகு, புகை கக்கிக்கொண்டு நின்றது. றீற்றா அக்கா அதன் இருக்கைப் பலகையில் பையோடு இருந்தா. ஜெற்றியில் மணல் இல்லை, சுற்ற இடமும் இல்லை. முன்னால் கொட்டியாரக் குடாவைத் தவிர வேறொன்றும் இல்லை.

நிப்பாட்டார் தன் வாழ்நாளில் முதன்முறையாக, முழுப் பாரத்தோடும் பிரேக்கை மிதித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. வருடக்கணக்காக உரஞ்சாமல் இருந்த சூ இறுகிக் கல்லாகிப் போயிருந்தது. மனிசன் மிதிக்கிறார், மிதிக்கிறார், வண்டி போகிறது.

"தம்பி, காலை ஊண்டு!"

இரண்டு பேரும் நான்கு கால்களையும் ஜெற்றிப் பலகையில் ஊன்றினோம். என் செருப்பில் ஒன்று முதலில் கடலுக்குப் போனது. நாங்களும் பின்னால் போகவேண்டியவர்கள்தான். கரையோரம் அடுக்கியிருந்த மீன்கூடைகள் குறுக்கே வந்தன. எல்லாம் சரிந்து முடிந்தபோது முன் சில்லு கடலுக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தது. நிப்பாட்டாரின் வெள்ளைச் சேட்டில் கீரிமீன் செதில். மீன்காரர்கள் எங்களை ஏசியதை அச்சில் போட ஏலாது.

லோஞ்சில் இருந்து றீற்றா அக்கா எட்டிப் பார்த்தா.

"என்ன, பிரேக் பிடிக்கேல்லையோ?"

"நான் பிடிச்சனான். அது பிடிக்கேல்லை."

"உடுத்துப் பாவியாமல் மடிச்சு வைச்சால் சீலையே மடிப்பிலை கிழியும். உமக்கு ஆர் சொல்லித் தாறது?"

கோபம் வந்தால்தான் அவ அவரை 'உமக்கு' என்பா. நிப்பாட்டார் செதிலோடு எழும்பி நின்றார்.

"இறங்கி வாரும் றீற்றா, வீட்டை போவம். நான் நிண்டிட்டன்தானே."

"நீங்கள் எங்கை நிண்டனீங்கள்? மீன்கூடையெல்லோ நிப்பாட்டினது!"

ஆனாலும் 'நீங்கள்' திரும்பி வந்துவிட்டது. லோஞ்சு கயிற்றை அவிழ்க்கும்போது அவ சொன்னா: "அக்காவைப் பாத்துப்போட்டு ஞாயிற்றுக்கிழமை வாறன். நான் இறங்கேக்கை நீங்கள் வடிவா நிப்பாட்டிக்கொண்டு நிண்டால் ஏறுவன். இல்லாட்டில் அடுத்த லோஞ்சிலை திரும்பிப் போவன்."

அன்று பின்னேரமே புதிய சோடியோடு கராஜுக்குப் போனார். பாஸ் கையை நீட்டினார். நிப்பாட்டார் கொடுக்கிறார், ஆனால் விடுகிறார் இல்லை. இரண்டு பேரும் ஒரு சூவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"விடுங்கோ ஐயா, பூட்டவேணும்."

"பாஸ், இது தேஞ்சால் இனிக் கிடையாது."

"அப்ப வீட்டு அம்மா திரும்பி வரவேண்டாமோ?"

நிப்பாட்டார் கையை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லோஞ்சு வந்தபோது வண்டி ஜெற்றி வாசலில் ஸ்ராண்டில் நின்றது. பக்கத்தில் அவர், இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்தபடி, வண்டி தானாக ஓடிவிடும் என்று பயந்தவர்போல நின்றார். றீற்றா அக்கா வந்து, பையை மடியில் வைத்து, சீலையை ஒதுக்கி, அவசரமில்லாமல் ஆறுதலாக ஏறி இருந்தா. அதுவரையும் அவர் அசையவில்லை. எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், சும்மா பார்க்கத்தான் போனேன்.

அதற்குப் பிறகு நான் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன். அவ காலையில் தையல் துணி கொடுக்கப் போவதென்று பின் சீற்றை எடுத்துக்கொண்டா. அந்த ஆளோ அவ ஏறினால் காகத்துக்கும் பிரேக், தேங்கிய தண்ணீருக்கும் பிரேக். கோட்டைப் பக்கத்து மான் வீதியைக் கடக்க யோசித்தாலே நிறுத்திவிட்டு, அது யோசித்து முடியும்வரை நிற்பார். சாகும்வரை வைத்திருக்க நினைத்த சோடி அடுத்த நத்தாருக்கு முதலே தேய்ந்து தகடாகிவிட்டது. பாஸ் மெசின் பெல்ட்டை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். மனிசன் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

ஒருநாள் பின்னேரம் நான் வந்த பஸ் உப்புவெளிச் சந்தியில் நின்றுவிட்டது. சாரதி ஹோர்னை அமத்தியபடி இருந்தார். எட்டிப் பார்த்தால் நடுவீதியில் அந்த மோட்டார் சைக்கிள். முன்னால் ஆடில்லை, மாடில்லை, பொலிஸ் இல்லை. இறங்கி ஓடினேன்.

"என்ன அண்ணை, பழுதோ?"

"இல்லைத் தம்பி. அவ பின்னாலை இருந்து என்னவோ சொன்னவ, ஓடேக்கை காத்திலை விளங்கேல்லை. அதுதான் நிப்பாட்டிப்போட்டுக் கேக்கிறன்."

சந்தையில் சூடைமீன் மலிவாம் என்பதைத்தான் றீற்றா அக்கா சொல்லியிருக்கிறா. அவர் தலையை நன்றாகத் திருப்பி, பெரிய சங்கதி கேட்பவர்போல அதை முழுவதும் கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஏசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.