சேதி ஐயா

கடலூர் மாவட்டத்தில் திருடர்கள் துளிகூடப் பயப்படாத, ஆனால் நல்லவர்கள் அத்தனை பேரும் பயந்து நடுங்கிய ஒரே போலீஸ் அதிகாரி எங்கள் சேதி ஐயாதான்.

எஸ்.ஐ.யாகச் சேர்ந்து கூடுதல் எஸ்.பி. வரை உயர்ந்தவர். விபத்தில் யாராவது செத்தால், அந்த வீட்டுக்குப் போனில் சொல்ல விடமாட்டார். தானே போவார். வாசலில் தொப்பியைக் கழற்றுவார். ‘குடிக்கத் தண்ணி குடுங்கம்மா’ என்பார். சொம்பு வந்ததும் குடிக்காமல் கையில் வைத்துக்கொள்வார். மயங்கி விழுகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். மகனுக்கு அதிகாரியிடம் வேலை என்று என் அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். கிடைத்ததோ சாவுச் சேதி ஜீப்புக்குப் போலீஸ் டிரைவர் வேலை. அவர் உள்ளே போவார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

“ஏன்யா, ஒரு போன் போட்டா முடிஞ்சிதுல்ல?” என்று ஸ்டேஷனில் என்னிடம் கிண்டல் செய்வார்கள்.

ஒருநாள் ஐயா என்னிடம் மட்டும் சொன்னார். “எஸ்.ஐ.யா இருக்கறப்ப ஒருதபா போன்லதான்டா சொன்னேன். அந்தம்மா அடுப்புல எண்ணெய் வெச்சிருந்திருக்கு. புருஷன் போன அன்னிக்கே கையும் வெந்துபோச்சி.”

மேல்பட்டாம்பாக்கத்தில் ஒருமுறை ஜீப் சூடாகி நின்றது. வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான்.

“ஐயோ, எம்புருஷன் போயிட்டாரே!”

பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். கொல்லையிலிருந்து புருஷன்காரர் வாளியோடு வந்தார். “எங்கடி போனேன்? மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கேன்.”

“அழாதம்மா, வண்டிக்குத்தான் தண்ணி” என்று ஐயா அரைமணி நேரம் கும்பிட்டார். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

செம்மண்டலத்தில் அவர் வீட்டிலும் இதே கதைதான். “தொப்பியப் போட்டுகினே உள்ள வாங்க. வெறுந்தலையோட வந்து நின்னீங்கன்னா நெஞ்சு படபடங்குது” என்பார் ஐயாவின் மனைவி. எங்களுக்கெல்லாம் அவர் அம்மா.

போன மாசம் சிதம்பரம் அண்ணாமலை நகருக்குப் பந்தோபஸ்து பார்க்கப் போனவர், உட்கார்ந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார்.

“சார், அம்மாவுக்குப் போட்டுடாதீங்க. ஒரு மணிநேரம் குடுங்க. நான் நேர்ல போறேன்” என்றேன்.

சிதம்பரத்திலிருந்து எப்படி ஓட்டினேனோ தெரியாது. ஐயாவின் போன் என் சட்டைப்பையில் இருந்தது. வழியெல்லாம் அது அடித்தது. ‘வீடு’ என்று வந்தது. எடுக்கவில்லை. எனக்கு முன்னால் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற ஒரே வேண்டுதல்.

வாசலிலேயே அம்மா நின்றிருந்தார், கையில் போனோடு.

“என்னா தம்பி, அவரு போன எடுக்கவே மாட்டேங்கறாரு?”

இன்னும் யாரும் சொல்லவில்லை. “அம்மா... குடிக்கக் கொஞ்சம் தண்ணி...” என்றேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். என் தொப்பி கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

உள்ளே போனார். சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார்.

“மொதல்ல நீ குடி தம்பி. அவ்ளோ தூரம் ஓட்டிகினு வந்திருக்க.” சுவரைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தார். “ம், இப்ப சொல்லு.”

சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஐயா ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, வழக்கம்போல அவரே சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.