உட்கருவில் ஈசானிய மூலை

திருமங்கலத்து அந்தக் கல்யாண மண்டபத்தில் அன்று மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனால் கூட்டம் வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு விதை மூட்டை!

'விதை வாஸ்து மேதை' டாக்டர் அழகுராஜா பேனரில் சிரித்தார். எதற்கு டாக்டர்? கேட்டால் பாவம் என்று யாரும் கேட்கவில்லை. போன வருஷம் வரை ஊரார் வீட்டுக் கக்கூஸை இடம் மாற்றிக்கொண்டிருந்தவர், இந்த வருஷம் விதையின் செல்லுக்குள் புகுந்துவிட்டார்.

"செல்லுக்குள்ள உட்கரு. உட்கருவுக்குள்ள ஜீன். அது உக்காந்திருக்கிற இடம் சரியில்லன்னா பயிர் வாடிரும். விஞ்ஞானமே சொல்லுது!" மைக் அதிர்ந்தது. "கன்னி மூலையில கிடக்கிற ஜீனை நான் ஈசானிய மூலைக்கு நகத்துறேன். அப்புறம் தண்ணியே வேணாம். இன்னைக்கே காஞ்ச மண்ணுல விதைங்க! ஒரே கண்டிஷன், மூட்டையை இங்க அவுக்கக் கூடாது. அவுத்தா ஜீன் கலைஞ்சிரும்."

ஜெயக்கொடியும் கை தட்டினாள். வீட்டிலிருந்த விதைக்கடலை மொத்தமும் அவள் மடியில் இருந்தது. இது வீணானால் இந்தப் போகம் அவளுக்குக் கிடையாது.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டு ஆனிமேரி, மிஷன் பள்ளியில் தாவரவியல் டீச்சர். அவர் கை தட்டாமல் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப அவரு சொல்றது பொய்யா டீச்சர்?"

"ஜீன் இருக்கிற இடத்துக்கும் பயிர் வறட்சியைத் தாங்குறதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சி பண்றாங்க. அம்புட்டும் நெசம். ஆனா உருண்டையா இருக்கிற உட்கருவுக்கு ஏது மூலை? மூட்டையைத் திருப்பி வச்சா ஈசானியம் எங்கிட்டுப் போகும்?"

"மெதுவாப் பேசுங்க, அவரு காதுல விழுந்திரப் போகுது!"

"விழட்டும். முதல்ல என் பையைப் பாக்கட்டும். அப்புறம் உன் இஷ்டம்."

மேடையில் ஒரு பெட்டி. ஜெயக்கொடியோடு மேடையேறிய ஆனிமேரி அதன்மேல் தன் துணிப்பையை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அடடா! ஜீன் கன்னி மூலையில குப்புறக் கிடக்கு!"

டாக்டர் கண்ணை மூடினார். செம்புக் குச்சியைச் சுழற்றினார். பச்சை எரிந்தது.

"நகந்திருச்சு! பாலைவனத்துல போட்டாலும் முளைக்கும்!"

"கண்டிப்பா?"

"முளைக்கலன்னா என் மீசையை எடுத்துக்கிறேன்!"

டீச்சர் முடிச்சை அவிழ்த்தார்.

"ஐயோ, அவுக்காதீங்கம்மா!"

அதற்குள் முன்வரிசை மூக்குகளுக்கு விஷயம் எட்டிவிட்டது. ஜெயக்கொடி பையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மொறுமொறுவென்று இருந்தது.

"வறுத்த கடலைல்ல இது! உப்பு வேற போட்டிருக்கு!"

மண்டபமே சிரித்தது. டாக்டரின் கால் வெடவெடத்தது. உடனே பெட்டியில் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. திருவிழா சீரியல் செட் தோற்றது! ஜெயக்கொடி மேஜை விரிப்பைத் தூக்கினாள். அடியில் ஒரு சுவிட்ச். அதன்மேல் டாக்டரின் கால் கட்டைவிரல்.

"ஜீனை நகத்துறது இந்த விரல்தானாண்ணே?"

மேதை பின்வாசல் வழியாகப் போன வேகத்தை எந்த வாஸ்துவும் தடுத்திருக்காது.

ஜெயக்கொடி தன் மூட்டையை இறுக்கிக்கொண்டு இறங்கினாள். மழை பார்த்துத்தான் விதைப்பது என்று முடிவாயிற்று. வாசலில் ஒருவர் டீச்சர் காலில் தடாலென்று விழுந்தார்.

"தாயே, அப்ப நீங்களாச்சும் என் விதையில ஒரு கை வச்சுக் குடுங்க!"

ஜெயக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்திரிங்கண்ணே! அந்தக் கையை முதல்ல உங்க தலையில வைங்க. உள்ள ஏதாச்சும் ஓடுதான்னு பாருங்க!"