ஐரோப்பாவுக்குப் போகும் பூட்டு

"நேத்து ஒரே பகல்ல உம்ம வீட்டுக் கதவு பதினாலு தரம் திறந்திருக்கு. அது வீடா, தாதர் ஸ்டேஷனா?" என்று மேனேஜர் பஞ்சாபகேசன் தனசீலனைக் கேட்டார்.

நவி மும்பை கோபர்கைரனேயில், செல்போனிலோ ரகசிய நம்பரிலோ கைரேகையிலோ திறக்கிற கதவுப் பூட்டு செய்யும் கம்பெனி அது. இணையத்தோடு சேரும் எந்தச் சாமானும் இனி ஐரோப்பாவுக்குள் நுழைய வேண்டுமானால் பாதுகாப்புக் கோப்பு ஒன்று கூடவே போக வேண்டும். அதை எழுதுகிறவன் தனசீலன். மூன்று வருஷமாகத் தற்காலிக ஊழியன். ஒரு பூட்டைத் தாராவியில் தன் வீட்டிலேயே மாட்டி, வீட்டார் தவிர ஒருவரும் திறக்காமல் ஏழு நாள் ஓடியதாகப் பதிவு காட்டிவிட்டால் வேலை நிரந்தரம் என்று பஞ்சாபகேசன் வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜெனியைப் பிடித்தான். "யாரு திறந்தது?"

"கனகவள்ளியக்காதான். மூணு மணிக்குத் தண்ணி வரும்லா. நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா டிரம்மை யாரு நெறைப்பா?"

அந்தச் சந்தின் வழக்கம் அது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் எல்லார் வீட்டுக்கும் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். பன்னிரண்டு வீட்டுச் சாவியும் கனகவள்ளியின் மளிகைக் கடையில் தொங்கும். இவர்கள் சாவி நம்பராக மாறிவிட்டதால் ஜெனி அதை அட்டையில் எழுதிச் சாவிகளோடு மாட்டிவிட்டாள்.

தனசீலன் தலையில் அடித்துக்கொண்டு நம்பரை மாற்றினான். ஏழு நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

"இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லப்படாது, கேட்டியா?"

"அக்காகிட்ட மட்டும் சொல்லுதேன்."

"அக்காகிட்டயும்தான்."

மறுநாள் பத்தொன்பது தரம் திறந்திருந்தது. ஜெனி சத்தியமாக அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவின் மருமகள் விஜயராணியிடம்தான் சொன்னாளாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அடுத்தது கைரேகை. "விரலைக் கழட்டிக் கடையில மாட்ட முடியாதுல்லா" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் பார்த்தால் பதிவில் குடும்ப உறுப்பினர்கள் முப்பத்தெட்டு பேர். ஜெனி அன்று லீவு போட்டு, சந்து முழுவதையும் வரிசையில் நிறுத்தி விரல் பதித்திருந்தாள்.

"வீட்டார் திறக்கலாம்னு சொன்னியள்லா. எல்லாரையும் வீட்டாராக்கிட்டேன்" என்றாள் சந்தோஷமாக.

பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு ரூம் வீட்டுல முப்பத்தெட்டு பேரா? ஐரோப்பாக்காரன் பூட்டை விட்டுட்டு உம்மைப் பத்தி விசாரிப்பான்யா. இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா வேற ஆளைப் பாத்துப்பேன்."

வேலியில் போன ஓணானைத் தானே எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அப்போதுதான் தனசீலனுக்கு உறைத்தது. பயத்தில் முப்பத்தெட்டு விரலையும் அழித்தான். ஜெனியின் போனிலிருந்தும் பூட்டை எடுத்தான். புது நம்பரைக் கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. காலையில் அவனே பூட்டினான், இரவில் அவனே திறந்தான்.

டிரம் காய்ந்தது. அரை பக்கெட்டில் குளியல். ஜெனி பேசுவதை நிறுத்தினாள், மூன்றாம் நாள் சோறும் சுருங்கியது. கனகவள்ளி அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பதிவு பளிச்சென்று இருந்தது.

ஏழாம் நாள் சாயங்காலம் பஞ்சாபகேசன் பதிவைப் பார்த்தார். அன்னியர் திறந்தது: பூஜ்யம். கையெழுத்துப் போட்டார், கோப்பு ஐரோப்பாவுக்குப் பறந்தது, நிரந்தர வேலைக்கான உத்தரவு தனசீலன் கைக்கு வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாஹிம் ஸ்டேஷனில் இறங்கி ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு ஓடினான்.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. டிரம் வழிய வழியத் தண்ணீர். உள்ளே ஜெனி கனகவள்ளிக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

தனசீலன் போனில் பதிவைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பூஜ்யம்தான்.

"எப்படிக்கா திறந்திய?"

கனகவள்ளி டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். "பூட்டு வந்த அட்டைப்பெட்டியில ஒரு போன் நம்பர் இருந்துச்சு தம்பி, அதுல கூப்பிட்டு, தண்ணி நிக்கப் போவுதுன்னு ஒரு பாட்டம் அழுதேன். பஞ்சாபகேசன்னு ஒரு பெரியவர், தங்கமான மனுசன், நீங்க செய்யுத அம்புட்டு பூட்டையும் திறக்குத நம்பர் ஒண்ணு சொன்னாவ, அது பதிவுலயும் விழாதாமே."