முதல் அடிக்கு ஒரு புரோகிராம்

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஏழு பெயர்கள் வந்து நின்றன. ஏழாவது பெயர் மாணிக்கவேல். அதற்கு நேரே, அவரே யோசித்து ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்த பட்டம்: கத்துக்குட்டி.

"டீச்சரம்மா, இந்த மிஷினுக்கு ஆரணியில யார் என்னன்னு தெரியல," என்றார் மாணிக்கவேல்.

"மிஷினுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க ஐயா. நீங்க எழுதினத அப்படியே சொல்லுது," என்றாள் ஆதிலட்சுமி.

ஊருக்குக் கம்ப்யூட்டர் சென்டர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பட்டுக் கடை முதலாளியான மாணிக்கவேல் அறுபதை நெருங்கும் வயதில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலை மடக்காமல் முதுகை வளைக்காமல் அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் கேரம்.

ஊர்க் கேரம் சங்கத்தின் ஆண்டுப் போட்டியில் முதல் அடி என்று ஒன்று உண்டு. ஒருவருக்குச் சந்தன மாலை போட்டு, ஸ்ட்ரைக்கரைக் கையில் கொடுப்பார்கள். அவர் தட்டிக் காய்களைக் கலைத்த பிறகுதான் போட்டியே தொடங்கும். அந்த மரியாதை மாணிக்கவேலின் அப்பாவுக்கு வந்தது. அவருக்குப் பிறகு அண்ணனுக்கு. அண்ணனுக்குப் பிறகு இவருக்கு. வேறு வீட்டு விரல் அந்தப் பலகையை முதலில் தொட்டதில்லை.

போன மாதக் கூட்டத்தில்தான் சங்கத்துச் செயலாளர் ஏசுதாஸ் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"கண்ணமங்கலம் வீரபாகு புதுசா சேந்திருக்காரு. அதனால இந்த வருஷம் மொத அடி யாருக்குன்னு ஒரு கேள்வி வருது. எல்லார் அனுபவத்தையும் கணக்குப் பண்ணித்தான் சொல்லணும்."

மாணிக்கவேல் எழுந்து நின்றார். "அந்தக் கணக்க நானே போடறேன். கம்ப்யூட்டர்ல."

"போடுங்க, போடுங்க. உங்களவிட அக்கறையா யார் போடப் போறாங்க," என்றார் ஏசுதாஸ். நாலு பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். பயந்துவிட்டார்கள் என்று மாணிக்கவேல் நினைத்துக்கொண்டார்.

அப்பா கொண்டுவந்த மரியாதை பிள்ளை காலத்தில் போயிற்று என்று ஊர் பேசக்கூடாது. அதற்காகத்தான் அவர் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டார். பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டு வரி எழுதுவது அவருக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வெற்றிக்கும் நூறு புள்ளி. புள்ளி ஏற ஏற பட்டம் ஏறும். கத்துக்குட்டி, ஆட்டக்காரர், கில்லாடி, ஜாம்பவான்.

எல்லாம் சரி. அவர்தான் ஜெயித்ததில்லை. நேற்றுச் சேர்ந்த வீரபாகுகூட பழக்க ஆட்டத்தில் ரெண்டு ஜெயித்திருந்தார்.

"முழுசையும் அழிச்சிட்டுப் புதுசா எழுதலாமுங்களா?" என்றாள் ஆதிலட்சுமி.

"தறியில ஒரு இழை அறுந்தா பாவு நூல் முழுசையுமா பிரிக்கிறாங்க? அறுந்த எடத்துல முடிச்சுப் போட்டுட்டு மேல நெய்ய வேண்டியதுதான்."

அவர் முப்பதாம் வரிக்கும் நாற்பதாம் வரிக்கும் நடுவே முதல் முடிச்சைப் போட்டார். தோல்விக்கு நூற்றைம்பது புள்ளி.

"தோத்தா அதிகமுங்களா?"

"பட்டாதானேம்மா அனுபவம்?"

நியாயமாகத்தான் பட்டது. ஓட்டிப் பார்த்தார். ஏழாவது பெயர் மாணிக்கவேல். வீரபாகு நாலாவது இடத்துக்குப் போயிருந்தார்.

"நீங்க வருஷா வருஷம் மொத ஆட்டத்துலயே வெளிய வந்துடறீங்க. அவரு தெனம் சாயங்காலம் வந்து தோத்துகினு இருக்காரு," என்று ஆதிலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "தோக்கறதுக்கும் நெறைய ஆடணுமில்லிங்களா?"

வீட்டுக்குப் போனதும் மனைவி கமலம் கேட்டாள். "இன்னா சொல்லுது உங்க மிஷினு?"

"ஆட்டத்த மட்டும் பாக்குது. வம்சத்தப் பாக்கல."

மறுநாள் வம்சமும் உள்ளே போனது. அப்பா, தாத்தா ஆடிய வருடங்களுக்கும் புள்ளி. ஆனால் மாணிக்கவேல் நேர்மையான மனிதர். தனக்கு ஒரு விதி, பிறருக்கு ஒரு விதி என்பது அவர் குடும்பத்தில் கிடையாது. எல்லாருடைய முன்னோரையும் சேர்ப்பதாகக் கடையில் சொல்லிவைத்தார்.

அதோடு வியாபாரம் நின்றது. கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் ஓரமாக நிற்க, சங்கத்து ஆட்கள் தத்தம் தாத்தாக்களின் கதையோடு வந்தார்கள். வீரபாகுதான் கடைசியாக வந்தார்.

"எழுதிக்குங்க. எங்க பாட்டன் கேரம் போர்டு வர்றதுக்கு முன்னாடியே கேரம் ஆடினவரு."

"அதெப்படிய்யா?"

"தரையில கோடு போட்டு. ராவும் பகலும் அதே பேஜாருதான். என் பாட்டி திட்டாத நாளில்ல."

அத்தனையையும் ஏற்றி ஓட்டினால் இயந்திரம் பெயரே காட்டவில்லை. ஒற்றை ஆங்கில வார்த்தையைக் காட்டி நின்றுவிட்டது.

"இன்னாம்மா சொல்லுது?"

"எண்ணு கொள்ளலையாம். நெரம்பி வழியுதாம். புரோகிராம்ல இப்ப நூலவிட முடிச்சுதான் ஐயா அதிகமா இருக்கு."

தாத்தாக்களையும் தோல்விக்குக் கொடுத்த புள்ளியையும் நீக்கினார்கள். மாணிக்கவேல் கண்ணை மூடி உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை போட்டி. தலைவாசலில் மாலையோடு நிற்கும் அப்பாவின் படம் கண்ணுக்குள் வந்தது. சட்டென்று விரல் விசைப்பலகையைக் காட்டியது.

"ஒருத்தர் எத்தன தடவ மொத அடி அடிச்சிருக்கார்னு கேக்கற மாதிரி ஒரு வரி போடு. ஒரு அடிக்கு அஞ்சாயிரம் புள்ளி."

"ஐயா, வேற யாருமே அடிச்சதில்லியே."

"இதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்லிங்க."

"அப்பப் போடு. ஜல்தி."

முதல் பெயர் மாணிக்கவேல். ஜாம்பவான். கடைசிப் பெயர் வீரபாகு. கத்துக்குட்டி. அந்தத் தாள் கரகரவென்று அச்சாகி வெளியே வந்தபோது, அவர் இரண்டு கையாலும் பிரசாதம்போல் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை கமலம் எடுத்துக்கொடுத்த பட்டு வேட்டியில், மடிப்புக் கலையாமல் சங்க மண்டபத்துக்குள் நுழைந்தார். ஆதிலட்சுமியும் வந்திருந்தாள். ஏசுதாஸ் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். மாணிக்கவேலைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இதான் முடிவுங்களா? மாத்தறதுக்கு ஏதும் இல்லியே?"

"ஒரு புள்ளி மாத்த முடியாது. மிஷின் சொன்னது. எல்லாரும் கட்டுப்பட்டுத்தான் ஆகணும்."

"நீங்களே சொல்லும்போது சரிங்க," என்று பெருமூச்சு விட்டு ஏசுதாஸ் உரக்கப் படித்தார். ஜாம்பவான் மாணிக்கவேல் என்றதும் மண்டபமே கைதட்டியது. அவர் எழுந்து, கும்பிட்டு, பலகைக்கு முன் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மாலைக்குக் கழுத்தைத் தாழ்த்தி, ஸ்ட்ரைக்கருக்குக் கையை நீட்டினார்.

மாலை அவர் தலையைத் தாண்டிப் போயிற்று. கூச்சத்தோடு எதிரே வந்து நின்ற வீரபாகுவின் கழுத்தில் விழுந்தது. ஸ்ட்ரைக்கரும் வீரபாகு கைக்கே போனது.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. "ஏசுதாசு, இது இன்னா அநியாயம்? லிஸ்டுல மொத ஆளு நான்."

ஏசுதாஸ் தரையைப் பார்த்தார். கைதட்டியவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

மாணிக்கவேலின் அப்பா காலத்திலிருந்து அந்தப் பலகைக்குப் பவுடர் தூவிவரும் கிழவர் காத்தவராயன் மட்டும், தலையை நிமிர்த்தாமல், பவுடரை உள்ளங்கையால் பரப்பியபடியே சொன்னார்:

"ஜாம்பவானுக்கு எதுக்குங்க மொத அடி? ஆடத் தெரியாத மனுசன் வெளிய போறதுக்குள்ள ஒரு காயாவது தொட்டுட்டுப் போவட்டும்னுதான அத வெச்சாங்க; உங்கப்பா காலத்துலேருந்து அதனாலதான அது உங்க வூட்டுக்கே வந்துகினு இருந்திச்சு."