கதவைத் திறக்காத உரிமை

தன் உரிமைகளைத் தெரிந்துகொள்ளாமல் எவரும் நாடு கடத்தப்படக் கூடாது என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் உயர்ந்த கொள்கை. தெரிந்துகொண்ட பிறகு கடத்தப்பட்டால் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் கட்டடத்தில் முக்கால்வாசிப் பேர் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதனால் ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் உரிமை வகுப்பு. போன வருடம் தொப்பை குறைக்கும் வகுப்புக்கு வந்த அதே ஜனம், அதே பாயைச் சுருட்டிக்கொண்டு இதற்கும் வந்தது. தொப்பை அப்படியேதான் இருந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் போனேன். காரணம் என் தம்பி. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவன். இந்த நாட்டில் தங்க அவனுக்கிருந்த அனுமதி முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கொடுத்த மனு எந்த மேஜையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததோ தெரியாது. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்ப்பேன்.

சட்டம் படித்த ஒரு பெண் பாடம் எடுத்தாள். போலீஸ் வந்தால் கதவைத் திறக்காதே. நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவைக் கேள். தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதே. வாயை மூடிக்கொண்டு வக்கீலைக் கூப்பிடு. நல்ல பெண், நல்ல பாடம். குரங்கு கையில் பூமாலையாக எங்கள் கையில் வந்து சேர்ந்தது. சங்கம் அதற்கு ஒரு பரீட்சையும் வைத்தது. மேல்வீட்டுக்காரி முதலிடம் வாங்கினாள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே முதல்மார்க்கு.

ஒரு நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. தம்பி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றான்.

“யாரு?”

“வணக்கம்மா. நாடு கடத்தல் பிரிவு. தம்பியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்.”

“கதவைத் திறக்க மாட்டேன்.”

“ரொம்ப சரி. திறக்காம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. அதை விளக்கிச் சொல்றது எங்க கடமை. கொஞ்சம் திறந்தீங்கன்னா உள்ளே வந்து விளக்கிடுவோம்.”

“அங்கேயே நின்னு விளக்குங்க.”

“முகத்துக்கு நேரா விளக்கணும்னு விதி இருக்கேம்மா.”

“நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவு இருக்கா?”

கதவுக்கு அடியில் ஒரு தாள் நுழைந்தது.

“இது நீதிபதி கையெழுத்தா?”

“எங்க மேலதிகாரி கையெழுத்து. ஆனா அவரும் நியாயமான மனுஷன்தான்.”

தாளை வந்த வழியே திருப்பித் தள்ளினேன். வெளியே இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். “ஆள் வேலைக்குப் போயிட்டான் போல சார். வெறும் வீட்டுக்கு எதுக்குக் காவல்? இன்னொரு நாள் வரலாம்.” சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன்; ஒரு ஜோடி பூட்ஸ் திரும்பியது. எனக்குப் போன உயிர் பாதி வந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கம்பக்கத்துச் சபை படிக்கட்டில் கூடிவிட்டது. நடுவில் முதல்மார்க்கு.

“நீ பிரமாதமா பேசினேம்மா! ஒண்ணுதான் பாக்கி. உன் தம்பி இன்னைக்கு வேலைக்குப் போகல, உள்ளேதான் இருக்கான்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதே! மௌனம் நம்ம உரிமை!”

படிக்கட்டு கை தட்டியது.

“உள்ளேதான் இருக்காரா?” என்றார் அதிகாரி. “நீங்க யாரும்மா?”

“அதைச் சொல்ல மாட்டேன். நான் மௌனமா இருக்கேன்.”

அதிகாரி கண்ணைக் காட்டினார். அவரோடு வந்திருந்த கட்டடத்து மேற்பார்வையாளர் தன் சாவிக்கொத்தை எடுத்தார். கதவு திறந்தது.

“சார், நான் திறக்கலையே!”

“நீங்க எங்கம்மா திறந்தீங்க? அவர்தானே திறந்தார். உங்க உரிமையில ஒரு கீறல்கூட விழல.”

தம்பி பாடம் தவறாமல் வாய் திறக்கவில்லை. ‘மௌனம் சம்மதம்’ என்று எழுதிக்கொண்டார்கள். நீட்டிய தாளில் அவன் கையெழுத்துப் போடவில்லை. “எழுதத் தெரியாதவர்” என்று எழுதிக்கொண்டார்கள்.

“வக்கீலைக் கூப்பிடணும்,” என்றேன்.

“தாராளமா. அங்கே போய் இறங்கினதும் கூப்பிடட்டும். எங்க தடையே கிடையாது.”

படியிறங்கும்போது தம்பி திரும்பினான். “அக்கா, நீ அழுதுகிட்டே கீழே இறங்காதே. முழங்கால் வேற சரியில்ல.” மேல்சட்டைப் பொத்தானைக்கூடப் போட விடவில்லை அவனை.

அடுத்த ஞாயிறு சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது: மேற்படி சம்பவத்தில் உரிமைகள் அனைத்தும் பழுதின்றிப் பயன்படுத்தப்பட்டமைக்கு இச்சபை பெருமிதம் கொள்கிறது. நெருக்கடியான நேரத்தில் வழிகாட்டியதற்காக முதல்மார்க்குக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

சலவைக் கடையில் தம்பியின் இடம் காலியாக இருக்கவில்லை. முதல்மார்க்கின் புருஷன் அந்த வேலையில் சேர்ந்துவிட்டார். அவருடைய அனுமதியும் முடியப்போகிறதாம். அவள் முகத்தில் இப்போது சிரிப்பைக் காணோம். செருப்புச் சத்தத்துக்கெல்லாம் எட்டிப் பார்க்கிறாள்.

நான் ஒரு வகுப்பையும் விடுவதில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து அவ்வளவையும் மனப்பாடம் செய்துவிட்டேன். நாளைக்கே அவள் வீட்டுக் கதவைத் தட்டினால், படிக்கட்டில் நின்று ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டாமா? எனக்கும் நல்ல தொண்டைதான்.